‘அமைதியான இடம்’ என்று போர்டு எழுதும் முன்

அறைக்கு வெள்ளையடித்தாயிற்று, கீசர் மாட்டியாயிற்று, சேலத்திலிருந்து மெத்தையும் வந்து இறங்கியாயிற்று. இனி புக்கிங் ஆப்பில் வீட்டைப் பற்றி நாலு வரி எழுத வேண்டும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் ஹோம்ஸ்டே தொடங்குகிற பலர் இந்த இடத்தில்தான் முட்டி நிற்கிறார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளையையோ மருமகனையோ கூப்பிட்டு, “இங்கிலீஷ்ல அழகா எழுதிக் குடுப்பா” என்கிறார்கள். அவரும் எழுதித் தருகிறார்: ‘பீஸ்ஃபுல் ஸ்டே இன் த லேப் ஆஃப் நேச்சர்’. அதே வரி குன்னூரில் இருக்கும், ஏலகிரியில் இருக்கும், ஈசிஆர் சாலையில் லாரி ஹாரனுக்கு நடுவே நிற்கும் விடுதியிலும் இருக்கும்.

கிளியூர்ப் பக்கம் வீடு வைத்திருப்பவருக்கு இது உண்மையான இழப்பு. அவரிடம் விற்க இருக்கும் சரக்கே அந்த அமைதிதான். ஏற்காடு ஏரிக்கரையில் அறை வைத்திருப்பவர் படகுத்துறையைச் சொல்லலாம், அண்ணா பூங்காவைச் சொல்லலாம், வாசலிலேயே பஜ்ஜிக் கடை என்று சொல்லலாம். மூன்று கிலோமீட்டர் தள்ளி, காபித் தோட்டத்துக்குள் ஓட்டு வீட்டை வைத்துக்கொண்டிருப்பவர் என்ன சொல்வார்? ஆர்ப்பாட்டமில்லாத இடம் என்பார். அதை எப்படிச் சொன்னால் நம்புவார்கள் என்பதுதான் இந்த அத்தியாயம்.

முதலில், எல்லோரும் கைநீட்டி எடுக்கும் அந்தப் பழைய பட்டத்தைப் பார்த்துவிடலாம். ‘புவர் மேன்ஸ் ஊட்டி’, ஏழைகளின் ஊட்டி. யார் எப்போது வைத்ததோ, ஏற்காடு என்ற பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டு போர்டிலோ ஆப்பிலோ இதை எழுதாதீர்கள். படிப்பவர் உடனே இரண்டு காரியம் செய்வார்: வாடகையைக் குறைத்துக் கேட்பார், பிறகு உங்கள் ஊரை ஊட்டியோடு ஒப்பிடுவார். இரண்டிலும் உங்களுக்குத்தான் அடி. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,515 மீட்டர். எழுநூறு மீட்டர் வித்தியாசம் ஸ்வெட்டரில் தெரியும். ஊட்டிக் குளிரை மனதில் வைத்து மே மாதம் வந்தவர், மதியம் ஃபேன் கேட்பார், ஃபேன் இருந்தால் ஏசி கேட்பார், இரவு ரிவ்யூவில் ஒரு ஸ்டாரைக் குறைப்பார். தவிர, கோடை விழா நேரத்துச் சனிக்கிழமை வாடகையைக் கேட்ட எந்த ஏழையும் அந்தப் பட்டத்தை நம்பப் போவதில்லை.

இந்த மலை ஊட்டி ஆகாமல் போனதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்வது எழுதுவதற்கு உதவும். இரண்டு ஊரின் கதையும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் தொடங்குகிறது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களின் தொடக்கத்தில் ஊட்டியில் வீடு கட்டினார். அதே பத்தாண்டில்தான் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபியையும் ஆரஞ்சு, பேரிக்காய் போன்ற பழ மரங்களையும் கொண்டுவந்தார். பின்னால் சென்னை மாகாண அரசாங்கமே கோடைக்கு ஊட்டிக்கு மூட்டை கட்டியது. கூடவே கிளப், குதிரைப் பந்தயம், 1908-இல் மலை ரயில். ஏற்காட்டுக்கு அரசாங்கமும் ஏறவில்லை, ரயிலும் ஏறவில்லை. வந்தவர்கள் தோட்டக்காரர்களும் பள்ளிக்கூடம் நடத்தியவர்களும். சேக்ரட் ஹார்ட் கான்வென்ட் 1894-இல், மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-இல். காபித் தோட்டமும் விடுதிப் பள்ளியும் வேலி போட்டுக்கொண்டு உள்ளே தம் வேலையைப் பார்ப்பவை, கடைத்தெருவை வளர்ப்பவை அல்ல. ஏரியைச் சுற்றி மட்டும் கூட்டம், இரண்டு வளைவு தாண்டினால் சில்வர் ஓக் மரமும் அதில் ஏறிய மிளகுக் கொடியும் என்ற இன்றைய அமைப்புக்கு இதுவும் ஒரு காரணம்.

இதையெல்லாம் போர்டில் எழுத முடியாது. ஆனால் “இங்க ஏன் சார் ஒண்ணுமே இல்ல?” என்று கேட்கும் விருந்தினரிடம், காபி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே சொல்லலாம். கதை தெரிந்த வீட்டுக்காரரின் இடத்துக்கு இரண்டாவது முறையும் வருகிறார்கள்.

இனி, அமைதியைச் சொல்லும் அந்த ஒற்றைச் சொல். ஆங்கிலத்தில் ஒரு வரியாவது தேவைப்படும். வார இறுதியில் மலையேறும் கார்களில் கர்நாடகப் பதிவெண் எவ்வளவு என்று அடிவாரச் சோதனைச் சாவடியில் பத்து நிமிடம் நின்றாலே தெரிந்துவிடும். அடக்கமான இடம் என்று சொல்ல ஆங்கிலத்தில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. எந்தச் சொல் யார் காதில் எப்படி விழும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

‘பீஸ்ஃபுல்’ செத்துப்போன சொல். பொய் என்று யாரும் சொல்லமாட்டார்கள், கவனிக்கவும் மாட்டார்கள். ‘ஹிட்டன் ஜெம்’ அதைவிட மோசம். ஆப்பில் போட்ட பிறகு என்ன ஒளிவு மறைவு? ‘ரஸ்டிக்’ என்றால் குடும்பத்தோடு வருகிறவர் முதலில் சந்தேகப்படுவது பாத்ரூமை. ‘செக்லூடட்’ என்ற சொல்லைக் காதல் ஜோடிக்கென்று எழுதுகிறார்கள். தனியாக வரும் பெண்ணும் வயதான பெற்றோரோடு வருபவரும் அதைப் படித்ததும் அடுத்த வீட்டுக்குத் தாண்டிவிடுவார்கள். ‘லோ-கீ’ இளவட்டத்துக்குப் பிடிக்கும், ஈரோட்டு ஜவுளிக்கடைக்காரருக்கு அது மட்டமான இடம் என்று படலாம். ‘அண்டர்ஸ்டேட்டட்’ என்பது கட்டடக் கலைஞர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது. அதை எழுதினால் ஒரே நிறத்தில் சுவரும் விலை தெரியாத விளக்கும் எதிர்பார்ப்பார்கள். உங்கள் வீட்டில் பச்சை பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தால் வேண்டாம்.

என்னைக் கேட்டால் ‘கொயட்’, ‘பிளெய்ன்’ இரண்டும் போதும். ‘அன்அஸ்யூமிங்’ கொஞ்சம் படித்தவர்களின் சொல், ஆனாலும் நல்ல சொல். பந்தா இல்லாத வீடு என்று கேட்டவுடன் புரியும். ஒரு நிபந்தனை: வீட்டைப் பற்றி எழுதுங்கள், உங்களைப் பற்றி எழுதாதீர்கள். ‘அன்அஸ்யூமிங் ஹோஸ்ட்’ என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்பவரைவிட பந்தா பேர்வழி யாரும் இல்லை. எந்தச் சொல்லை எடுத்தாலும் ஒன்றே ஒன்றை எடுத்து, அதே வரியில் அதற்கான சாட்சியையும் வைத்துவிடுங்கள். ‘எ கொயட் ஹவுஸ் இன்சைட் எ காபி எஸ்டேட், நோ டிவி’. இதில் ஆளைப் பிடிப்பது கடைசி இரண்டு சொல். டிவி இல்லை என்று துணிந்து சொல்பவர் அமைதியைப் பற்றியும் உண்மையே சொல்வார் என்று படிப்பவருக்குத் தோன்றும்.

சாட்சி என்றால் என்ன? அமைதி என்பது சத்தமே இல்லாத நிலை என்று நகரத்துக்காரர் நினைத்துக்கொண்டு வருகிறார். கிளியூரில் அப்படி ஓர் இரவும் கிடையாது. மழைக்காலத்தில் தவளை, மற்ற நாட்களில் சில்வண்டு, தூரத்தில் நாய், தகரம் வேய்ந்த இடத்தில் மழை, விடியலில் சேவல். காபி அறுவடை நவம்பர் வாக்கில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை போகும். அந்த நாட்களில் காலையில் ஆட்கள் வந்து சேரும் பேச்சுச் சத்தம், பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் ஓடும் சத்தம், களத்தில் கொட்டையைக் கிளறும் சத்தம் எல்லாம் உண்டு. கழித்த தோலின் குவியலிலிருந்து புளித்த வாடையும் வரும். நிழல் மரத்துக்குக் கிளை கழிக்கும் நாளில் பெட்ரோல் ரம்பம் அலறும். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா வந்தால் மலை முழுக்க மேளம் கேட்கும். இவை எதுவும் குறை அல்ல, ஆனால் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் குறையாகிவிடும். ‘டிசம்பரில் வந்தால் காபி பழம் பறிப்பதைப் பார்க்கலாம், காலை எட்டு மணிக்கு மேல் களத்தில் வேலை நடக்கும்’ என்று எழுதிப் பாருங்கள். பல்ப்பர் சத்தத்துக்காகவே ஆள் வரும்.

கிளியூருக்கென்று தனியாக ஒரு வம்பு உண்டு. வீட்டுக்கு ‘ஃபால்ஸ் வியூ’ என்று பெயர் வைப்பது. கிளியூர் நீர்வீழ்ச்சி சுமார் 300 அடி உயரம். படத்தில் பார்த்தவர் அதற்காகவே வருகிறார். ஆனால் அந்தத் தண்ணீர் ஏற்காடு ஏரி நிரம்பி வழிந்து பள்ளத்தாக்கில் இறங்கும் தண்ணீர். மழை நன்றாகப் பெய்த பருவத்தில் கொட்டும், ஏப்ரலில் வந்தால் வெறும் பாறை. பாறை அழகுதான், சார்னோக்கைட் கருங்கல். ஆனால் அதற்குப் பணம் கட்டி யாரும் வரவில்லை. ஆகவே ‘நீர்வீழ்ச்சி அருகில்’ என்று எழுதும் அதே வரியில் மாதத்தையும் எழுதுங்கள். தண்ணீர் வரை போக ஏராளமான படி இறங்க வேண்டும், இறங்கிய படியை எல்லாம் திரும்ப ஏறவும் வேண்டும். மூட்டு வலி உள்ளவர்களுக்கு அதையும் சொல்லிவிடுங்கள்.

இதையெல்லாம் போனில் எப்படிச் சொல்வது என்று கேட்கிறவர்களுக்காக, இந்த மலையில் நடக்கக்கூடிய ஒரு பேச்சு:

“அமைதியா இருக்கும்னு போட்டிருக்கீங்களே, நெஜமாவே அப்படித்தானா சார்?”

“வண்டிச் சத்தம் வராதுங்க. சில்வண்டு கத்தும், நாய் கொலைக்கும். காலைல சேவல் கூவுங்க.”

“ஃபால்ஸ் பக்கந்தானே?”

“பக்கந்தாங்க. ஆனா இப்பத் தண்ணி இல்லீங்க. ஏரி நெறைஞ்சு வழிஞ்சாத்தான் அங்க தண்ணி.”

“அப்ப அங்க வந்து என்னங்க பண்றது?”

“ஒண்ணும் பண்ண வேண்டாங்க. அதுக்குத்தான் வர்றாங்க.”

இப்படிச் சொல்வதால் ஒரு சிலர் வராமல் போவார்கள். போகட்டும். அவர்கள் வந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை மதியம் உங்களிடம் ரீஃபண்ட் கேட்டிருப்பார்கள்.

அமைதி என்று எழுதுவதில் யாரும் எதிர்பார்க்காத ஓர் ஆபத்து இருக்கிறது. ‘அமைதி, பிரைவசி, யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள்’ என்ற வரியைப் புத்தகம் படிக்க இடம் தேடுபவர் ஒரு விதமாகப் படிக்கிறார். எட்டுப் பேராக, இரண்டு பெட்டி பீரும் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரும் எடுத்து வருகிற கூட்டம் வேறு விதமாகப் படிக்கிறது: இங்கே யாரும் கேட்கமாட்டார்கள். உங்கள் வரி அழைத்து வந்த விருந்தாளியே உங்கள் அமைதியைக் கெடுப்பார். அதனால் வீட்டின் கட்டுப்பாட்டை வர்ணனைக்குள்ளேயே வையுங்கள், கடைசியில் பொடி எழுத்தில் தள்ளாதீர்கள். இரவு 10 மணிக்கு மேல் வெளியே பாட்டு இல்லை என்பது உங்கள் சொந்தக் கண்டிப்பாகக்கூட இருக்க வேண்டியதில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. பள்ளி, மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக மாநில அரசு அறிவிக்கலாம். இத்தனை பள்ளிக்கூடங்கள் உள்ள மலையில் இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. ‘இது அரசு விதிங்க’ என்று சொல்வது ‘எனக்குப் பிடிக்காதுங்க’ என்று சொல்வதைவிட எளிது.

பக்கத்தில் குடியிருப்பவர்களையும் நினைக்க வேண்டும். இந்த மலைக்கிராமங்கள் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறைகளாக வாழும் ஊர்கள் (கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், விருந்தினர் கட்டாயம் குழப்பிக்கொள்வார்). ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கான தனித் தொகுதி. விடியலில் எழுந்து தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு, ஆப்பில் ‘அமைதியான கிராமச் சூழல்’ என்று எழுதுவது அசிங்கம். ‘கிராமத்து மக்களோடு பழகலாம்’ என்று அவர்களைக் காட்சிப் பொருளாக்கி எழுதுவதும் அப்படித்தான். அவர்கள் உங்கள் விடுதியின் வசதிகளில் ஒன்று அல்ல.

காட்டு மாடு விஷயம் தனி. சேர்வராயன் மலையில் அவை உண்டு, இருட்டிய பிறகு தோட்டப் பாதையிலும் நிற்கும். ‘இரவில் தனியாக நடந்து போகலாம், அவ்வளவு அமைதி’ என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அந்தக் காகிதத்தை அடுப்பில் போடுங்கள். ‘இருட்டிய பிறகு வளாகத்தை விட்டு நடந்து போக வேண்டாம், காட்டு மாடு வரும்’ என்று எழுதுங்கள். பயந்து ஓடுபவர் சிலர்தான். ‘பாக்க முடியுமா சார்?’ என்று போன் செய்பவர் பலர்.

இத்தனைக்கும் பிறகு அந்த நாலு வரி எப்படி இருக்கும்? முதலில் மருமகன் எழுதிக் கொடுத்த ரகம்: ‘இயற்கை அன்னையின் மடியில், ஏழைகளின் ஊட்டியாம் ஏற்காட்டில், மனதை மயக்கும் நீர்வீழ்ச்சியின் அருகே, அமைதி தவழும் சொர்க்கம்.’ இதில் விருந்தினர் பயன்படுத்தக்கூடிய ஒரே செய்தி ஏற்காடு என்பதுதான், அதுவும் வரைபடத்திலேயே தெரிந்துவிடும்.

இப்போது இது:

‘கிளியூர்ப் பக்கம் காபித் தோட்டத்துக்குள் ஓட்டு வீடு, மூன்று அறை. ஏற்காடு ஏரியிலிருந்து மூன்று கிலோமீட்டர், கடைசிக் கொஞ்ச தூரம் மண் பாதை; சின்னக் கார் வரும், மழையில் மெதுவாக வர வேண்டும். டிவி இல்லை. வெந்நீர் உண்டு. சாப்பாடு எங்கள் வீட்டுச் சமையல், முந்தின நாள் சொல்ல வேண்டும். இரவில் பூச்சிச் சத்தமும் மழைச் சத்தமும் கேட்கும், வண்டிச் சத்தம் கேட்காது. பத்து மணிக்கு மேல் வெளியே பாட்டு இல்லை. நீர்வீழ்ச்சிக்கு நடந்து போகலாம். நல்ல மழைக்குப் பிறகுதான் தண்ணீர் இருக்கும். மார்ச், ஏப்ரலில் முதல் மழை பெய்து ஒரு வாரம், பத்து நாளில் காபி பூக்கும். வெள்ளைப் பூ, மல்லிகை வாசனை, சில நாள்தான் நிற்கும். எந்த நாள் என்று முன்னாடியே சொல்ல முடியாது.’

அமைதி என்ற சொல்லே இதில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் போடும்போது தலைப்பில் மட்டும் ‘கொயட்’ என்று ஒரு முறை வைத்து, மீதியை வரிக்கு வரி எளிமையாகச் சொல்லச் சொல்லுங்கள். உள்ளூர் ஆங்கில ஆசிரியர் யாராவது பார்த்துக் கொடுத்தால் போதும், விளம்பர ஏஜென்சி தேவையில்லை. தூரத்தை மட்டும் நீங்களே வண்டியின் மீட்டரைப் பார்த்து அளந்துவிடுங்கள். ‘ஐந்து நிமிடத் தூரம்’ என்று எழுதாதீர்கள். கோடை விழா நாளில் ஏரியைச் சுற்றி ஐந்து நிமிடத்தில் ஒரு காரும் நகராது.

ஒன்றைச் சட்டப்படியும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறாக வழிநடத்தும் விளம்பரம் எது என்று தனியாக விளக்கம் வைத்திருக்கிறது. சேவையைப் பற்றிய பொய்யான வர்ணனையும் அதில் அடங்கும், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அடங்கும். ‘சொர்க்கம்’ என்று எழுதியதற்கு யாரும் கேஸ் போடமாட்டார்கள். ஏப்ரலில் ‘ஃபால்ஸ் வியூ’ என்று கூடுதல் வாடகை வாங்கியதற்குப் போடலாம். ஹோம்ஸ்டே என்ற சொல்லுக்கும் இதே கவனம் தேவை. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தில் அது உரிமையாளரே குடியிருக்கும் வீடு, ஒன்று முதல் ஆறு அறை வரை. நீங்கள் சேலத்தில் இருந்துகொண்டு வாட்ச்மேன் சாவி கொடுக்கும் வீட்டை அந்தப் பெயரில் அழைக்கும்போது, சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்ல ஓர் ஆள் இருப்பார் என்று விருந்தினர் நம்பி வருகிறார்.

வீட்டு வாசல் போர்டு சின்னதாக இருக்கட்டும். பெயர், அம்புக்குறி, போன் நம்பர். அடக்கமான இடம் என்பதை எட்டடி ஃப்ளெக்ஸில் அறிவித்துவிட்டு உள்ளே அழைக்கும் வீடுகள் மலைப்பாதையில் கண்ணில் படுகின்றன. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவருக்கு அந்த ஃப்ளெக்ஸே போதும், வேறு விளக்கம் வேண்டாம்.

எப்படி எழுதினாலும் ஒரு ரிவ்யூ வரும்: ‘நத்திங் டு டூ ஹியர்’. பதில் எழுதும்போது கோபம் வேண்டாம், பக்கத்தில் உள்ள இடங்களின் நீண்ட பட்டியலைக் கொட்டவும் வேண்டாம். ‘வந்ததற்கு நன்றி. ஆமாம், இங்கே அதிகம் ஒன்றும் இல்லை. பகோடா பாயின்ட், லேடீஸ் சீட், தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம் எல்லாம் காரில் போகும் தூரத்தில் உள்ளன. அடுத்த முறை வழி சொல்கிறோம்’ என்று முடித்துவிடுங்கள். அந்த ரிவ்யூவை நீக்கச் சொல்லி ஆப்புக்கு எழுத வேண்டாம். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்காக வீடு தேடுபவர் அதைப் படித்துவிட்டுத்தான் புக் செய்வார்.

வர்ணனையை வருடத்துக்கு இரண்டு முறையாவது திருத்துங்கள்: பருவமழை தொடங்கும்போது ஒரு முறை, அறுவடை முடிந்ததும் ஒரு முறை. தண்ணீர் பற்றிய வரியும் களத்து வேலை பற்றிய வரியும்தான் மாறும். பக்கத்து நிலத்தில் புதிதாக ரிசார்ட் கட்ட ஆரம்பித்தால் அன்றைக்கே திருத்துங்கள், ஜேசிபி ஓடும் நாட்களில் வாடகையையும் குறையுங்கள். எவ்வளவு குறைப்பது, சீசன் வாடகையை எப்படி வைப்பது என்பது அடுத்த அத்தியாயத்தில்.